போர்க்கால ஓட்டம்: சுசந்திகா ஜயசிங்கவும் சென்னையின் பாராமுகமும்

2000 செப்டம்பர் 28 அன்று சிட்னி ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 200 மீட்டர் இறுதி ஓட்டம் நடந்தது. அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் 21.84 நொடியில் தனியாக வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கொத்து: பஹாமஸின் பாலின் டேவிஸ்-தாம்ப்சன் 22.27, இலங்கையின் சுசந்திகா ஜயசிங்க 22.28, ஜமைக்காவின் பெவர்லி மெக்டொனால்ட் 22.35. மூன்று நாள் முன்பு 400 மீட்டரில் தங்கம் வாங்கி மைதானம் முழுவதையும் எழுந்து நிற்கவைத்த ஆஸ்திரேலியாவின் கேத்தி ஃப்ரீமனும் அதே ஓட்டத்தில் ஓடினார். பதக்க வரிசைக்கு அருகில்கூட வர முடியவில்லை.

இரண்டாம் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் நடுவே நூற்றில் ஒரு நொடி. அந்த வேகத்தில் அது சுமார் ஒன்பது சென்டிமீட்டர், அதாவது ஓர் ஆள்காட்டி விரலின் நீளம். அன்று அது வெள்ளிக்கும் வெண்கலத்துக்குமான தூரமாகத்தான் தெரிந்தது. உண்மையில் அது தங்கத்துக்கும் வெள்ளிக்குமான தூரம் என்று உலகம் ஒப்புக்கொள்ள ஒன்பது ஆண்டுகள் ஆயின.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் டங்கன் வைட் வெள்ளி வென்ற பிறகு, 52 ஆண்டுகள் கழித்து இலங்கைக்குக் கிடைத்த பதக்கம் இது. ஒலிம்பிக் 100 மீட்டரிலோ 200 மீட்டரிலோ சுசந்திகாவுக்கு முன்னும் பின்னும் ஆசியப் பெண் எவரும் பதக்க மேடை ஏறியதில்லை. சீனாவும் ஜப்பானும் செய்யாததை, கேகாலை மாவட்டத்தில் வரக்காப்பொலைக்குப் பக்கத்துச் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்த ஒரு பெண் செய்தார். நமக்குக் கூப்பிடு தூரத்தில் நடந்த கதை. ஆனாலும் சென்னையில் விளையாட்டுச் செய்திகளை விடாமல் படிப்பவர்களிடம்கூட இந்தப் பெயரைச் சொன்னால் பெரும்பாலும் ஒரு தயக்கம்தான் பதிலாக வருகிறது. முரளிதரனையும் ஜயசூரியாவையும் அவர்களுக்குத் தெரியும். சுசந்திகா தெரியாது.

கிரிக்கெட் மோகம் என்று சொல்லி இதைத் தாண்டிப் போய்விடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அவருடைய ஓட்டக் காலத்தை ஆண்டு வாரியாக எழுதி, பக்கத்தில் இலங்கைப் போரின் ஆண்டுகளை எழுதிப் பார்த்தால் காரணம் கண்ணில் படும். 1997 ஆகஸ்டில் ஏதென்ஸ் உலகப் போட்டியில் வெள்ளி. வன்னியில் அப்போது ஜயசிக்குறு படையெடுப்பு நடந்துகொண்டிருந்தது. 2000 செப்டம்பரில் சிட்னி. அந்த ஏப்ரலில்தான் ஆனையிறவு வீழ்ந்தது. 2007 ஆகஸ்டில் ஒசாகா உலகப் போட்டியில் வெண்கலம். கிழக்கு மாகாணம் அரசப் படைகளின் கைக்குப் போய்ச் சில வாரங்களே ஆகியிருந்தன. சிட்னி வெண்கலம் வெள்ளியாக மாறியது 2009 டிசம்பரில். அந்த ஆண்டைப் பற்றித் தமிழ் வாசகருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சென்னையில் இலங்கைத் துணைத் தூதரகம் ஒரு காலத்தில் ஆழ்வார்பேட்டையில் டி.டி.கே. சாலையில் இருந்தது. சென்னைக்காரர்களில் பலருக்கு இலங்கை அரசு என்றால் அந்த வாசல்தான்: விசாவுக்கு நிற்கும் இடம், கொடும்பாவி எரியும் இடம், போலீஸ் நிற்கும் இடம். அந்த வாசல் வழியாகப் பார்க்கும்போது சிங்கக் கொடியைத் தோளில் போர்த்திக்கொண்டு ஓடிய ஒரு பெண் கண்ணில் படாமல் போனதில் வியப்பில்லை. வருத்தம் உண்டு, அது வேறு.

சுசந்திகா 1975 டிசம்பரில் பிறந்தவர். பதினெட்டு வயதில், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் வெள்ளி. அங்கிருந்து மூன்றே ஆண்டில் ஏதென்ஸ். அந்த ஓட்டத்தில் உக்ரைனின் ழான்னா பின்டுசேவிச் 22.32, சுசந்திகா 22.39, ஜமைக்காவின் மெர்லின் ஆட்டி 22.40. இங்கும் நூற்றில் ஒரு நொடிதான் வித்தியாசம், இந்த முறை அவருக்குச் சாதகமாக. தோற்றவர் சாதாரண ஆள் இல்லை. ஆட்டி ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக உலகின் முன்வரிசை ஓட்டக்காரி. உலகத் தடகளப் போட்டியில் இலங்கை வாங்கிய முதல் பதக்கம் அது.

இந்த இடத்தில் ஒரு பொதுவான தவறைத் தள்ளிவைக்க வேண்டும். சிறிய நாட்டு ஓட்டக்காரர் என்றதும் நமக்கு ஒலிம்பிக்கின் முதல் நாள் காலையில், 100 மீட்டரின் ஆரம்பச் சுற்றில் ஓடிவிட்டுக் கையசைத்துப் போகிறவர் நினைவுக்கு வருவார். தகுதி நேரத்தை எட்டாத நாடுகளும் தலா ஒருவரை அனுப்பலாம் என்ற சலுகையில் வருபவர்கள் அவர்கள். அந்தச் சலுகை நல்லது, இருக்க வேண்டியது. ஆனால் நமீபியாவின் ஃபிராங்கி ஃபிரெடரிக்ஸ், போட்ஸ்வானாவின் அமான்ட்லே மொன்ட்ஷோ, செயின்ட் கிட்ஸ் தீவின் கிம் காலின்ஸ், இலங்கையின் சுசந்திகா ஆகியோர் அந்த வரிசையில் வருகிறவர்கள் இல்லை. இவர்கள் ஜெயிக்க வந்தவர்கள். வேகமான கால் சின்ன நாட்டிலும் பிறக்கும். அதைப் பத்து வருடம் காயமில்லாமல், வழக்கில்லாமல், பட்டினி போடாமல் வைத்திருக்க ஓர் அமைப்பு வேண்டும். அதுதான் சின்ன நாட்டில் கிடைப்பதில்லை.

ஃபிரெடரிக்ஸின் வழி எளிதாக விளங்கும். நமீபியா விடுதலை பெற்றது 1990 மார்ச்சில். இரண்டே ஆண்டில் பார்சிலோனா ஒலிம்பிக்கில் அந்தப் புது நாட்டுக்காக 100, 200 இரண்டிலும் வெள்ளி வென்றார். அட்லாண்டாவில் மறுபடியும் இரண்டு வெள்ளி. 1993இல் 200 மீட்டர் உலகச் சாம்பியன். அவரை வளர்த்தெடுத்தது அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் உள்ள பிரிகம் யங் பல்கலைக்கழகம். காலின்ஸும் அமெரிக்கக் கல்லூரி வழியாக வந்து 2003இல் 100 மீட்டர் உலகச் சாம்பியன் ஆனவர். மொன்ட்ஷோ செனகலின் டக்கார் நகரில் உலகத் தடகளச் சம்மேளனம் நடத்திய மையத்தில் பயிற்சி பெற்று, 2011இல் 400 மீட்டரில் அலிசன் ஃபெலிக்ஸை 49.56க்கு 49.59 என்று முந்தினார். கதைகள் வேறு வேறு என்றாலும் அடியில் ஓடுவது ஒன்றே: கால் சொந்த ஊருடையது, களம் இரவல்.

சுசந்திகாவும் இரவல் களத்துக்குத்தான் போனார். லாஸ் ஏஞ்சலிஸில் டோனி காம்ப்பெல் என்ற பயிற்சியாளரிடம் ஓடிப் பழகினார். அவருடைய வாழ்க்கையை இப்படி ஒரு வரியில் சுருக்கலாம்: வெளிநாட்டில் இருந்தபோது வேகம் கூடியது, ஊருக்குத் திரும்பும்போதெல்லாம் சிக்கல் கூடியது.

சிக்கல் 1998இல் வெடித்தது. நாண்ட்ரோலோன் என்ற தடை செய்யப்பட்ட மருந்து உடலில் இருந்ததாகச் சொல்லி அவரை இடைநீக்கம் செய்தார்கள். அவர் மறுத்தார். அதிகாரத்தில் இருந்த ஓர் அரசியல்வாதியின் பாலியல் விருப்பத்துக்கு இணங்காததற்காகவே தன்மேல் இந்தப் பழி விழுந்தது என்று வெளிப்படையாகவே சொன்னார். பின்னர் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். அதற்குள் அவருடைய இருபத்து மூன்றாம் வயது போயே போய்விட்டது. குறுந்தூர ஓட்டக்காரிக்கு அதைவிட விலை கூடிய ஆண்டு எதுவும் இல்லை. கொழும்பில் அன்று ஒரு பெண், அதுவும் பணபலமோ குடும்பச் செல்வாக்கோ இல்லாத பெண், அதிகாரத்தைப் பார்த்து இப்படிப் பேசுவது எத்தனை அபூர்வம் என்பதை அவருடைய பதக்கங்களைப் பட்டியல் போடுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். என் கணக்கில் ஏதென்ஸ் வெள்ளிக்கு அது எந்த வகையிலும் குறைந்ததில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த பாங்காக் ஆசிய விளையாட்டில் சுசந்திகா இல்லை. ஆனால் இலங்கை மூன்று தங்கம் வாங்கியது; மூன்றும் தடகளத்தில். தமயந்தி தர்ஷா 200, 400 இரண்டிலும், சுகத் திலகரத்ன ஆண்கள் 400இலும் வென்றார்கள். தடை ஓட்டத்தில் ஸ்ரீயானி குலவன்சவும் அந்தக் காலத்தவர்தான். போரில் பணமும் ஆளும் கரைந்துகொண்டிருந்த ஒரு தீவு, ஒரே பத்தாண்டில் நான்கு உலகத் தர ஓட்டக்காரர்களை எப்படி எழுப்பியது? ராணுவமும் மற்றப் படைகளும் விளையாட்டு வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது ஒரு காரணம். சிங்களப் பகுதியாகட்டும் யாழ்ப்பாணமாகட்டும், பள்ளிக்கூடங்களில் ஆண்டுதோறும் இல்லம் பிரித்து நடத்தும் மெய்வல்லுநர் போட்டிகளின் பழக்கம் இன்னொரு காரணம். நம்மூரில் ஓடுகிற பிள்ளைக்கு ரயில்வேயும் போலீசும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுத்துக் காப்பாற்றுகின்றன; அங்கே அந்த இடத்தில் பெரும்பாலும் சீருடைதான். போர்க்காலத்தில் சீருடை அணிந்த ஓட்டக்காரரை யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருக்கும் ஒரு தமிழர் எப்படிப் பார்ப்பார் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். கசப்பு வெறுங்காற்றிலிருந்து வரவில்லை.

இந்தக் கசப்பின் வேர் இன்னும் பழையது, அதுவும் ஒரு விளையாட்டுக் கதைதான். ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதல் தங்கம் வாங்கிக் கொடுத்தவர் யாழ்ப்பாணத் தமிழர், நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ் மத்திய கல்லூரியில் உயரம் தாண்டப் பழகியவர், 1952, 1956 இரண்டு ஒலிம்பிக்கிலும் பங்கெடுத்தவர், அமெரிக்காவில் படித்தவர். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அந்தப் போட்டிகள் மே 24இல் தொடங்கி ஜூன் 1இல் முடிந்தன. இலங்கையில் தமிழர்மேல் 1958 கலவரம் அவிழ்ந்து விழுந்தது மே 22 முதல். அவசர நிலை அறிவிக்கப்பட்டது மே 27 அன்று. தன் நாட்டுக்கு முதல் தங்கம் தாண்டிக் கொடுத்தவரின் மக்கள், அதே வாரத்தில் அதே நாட்டில் வீடிழந்து அகதி முகாம்களில் இருந்தார்கள். பதக்கப் பட்டியலும் கலவரப் பட்டியலும் ஒரே தேதிகளில் ஓடுவது இலங்கைக்குப் புதிதல்ல.

சிட்னிக்கு வருவோம். சுசந்திகா 1999இல் மீண்டு, 2000 செப்டம்பர் தொடக்கத்தில் யோகோஹாமாவில் 100 மீட்டரை 11.04இல் ஓடினார். அதே மாதக் கடைசியில் ஒலிம்பிக். 200 மீட்டரில் இரண்டு நாளில் நான்கு சுற்று ஓட வேண்டும். வேகத்தைவிடச் சிக்கனம் முக்கியம். முதல் சுற்றுகளில் எவ்வளவு கொடுப்பது, எவ்வளவு மிச்சம் வைப்பது என்ற கணக்கு பெரிய போட்டிகளில் திரும்பத் திரும்ப ஓடியவருக்கே கைவரும். வளைவில் சற்றுப் பின்தங்கி, நேர்ப்பாதையில் கால் தளராமல் பிடித்து வருவது அவர் பாணி. 22.28 அவர் வாழ்நாளின் மிகச் சிறந்த நேரம். ஒலிம்பிக் இறுதியில் சொந்தச் சாதனை ஓடுகிறவர்கள் எப்போதும் சிலரே.

அடுத்த பகுதி ஓட்டப் பாதையில் நடக்கவில்லை. கலிபோர்னியாவில் ஓர் ஊட்டச்சத்து மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்திலும் நியூயார்க் நீதிமன்றத்திலும் நடந்தது. பால்கோ என்ற அந்த நிறுவனம், சோதனையில் சிக்காத ஸ்டீராய்டு ஒன்றை வீரர்களுக்குக் கொடுத்து வந்தது 2003இல் அம்பலமானது. பல ஆண்டு மறுத்த மரியன் ஜோன்ஸ் 2007 அக்டோபரில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். விசாரணை அதிகாரிகளிடம் பொய் சொன்னதற்காக ஆறு மாதச் சிறையும் கிடைத்தது. சிட்னியில் வாங்கிய ஐந்து பதக்கங்களும் அந்த டிசம்பரில் பறிக்கப்பட்டன. ஆனால் அவற்றை யாருக்குக் கொடுப்பது என்று ஒலிம்பிக் கமிட்டி முடிவு செய்ய மேலும் இரண்டு ஆண்டுகள். 100 மீட்டரில் இரண்டாவதாக வந்த கிரேக்கத்தின் கடெரினா தானுவே 2004இல் மருந்துச் சோதனைக்கு வராமல் சர்ச்சையில் சிக்கியவர். அவருக்குத் தங்கம் தரக் கமிட்டிக்கு மனம் வரவில்லை, அந்த இடம் காலியாகவே இருக்கிறது. 200 மீட்டரில் அப்படி ஒரு தடையும் இல்லை. 2009 டிசம்பரில் டேவிஸ்-தாம்ப்சனுக்குத் தங்கம், சுசந்திகாவுக்கு வெள்ளி, நான்காவதாக வந்த மெக்டொனால்டுக்கு வெண்கலம்.

இந்த மூவருமே குட்டித் தீவுகளைச் சேர்ந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய நாட்டின் பணமும் ஆய்வகமும் ஒருவரைத் தூக்கிவிட்டதில், இழந்தவர்கள் மூன்று சின்ன நாடுகள். பதக்கம் பின்னால் வந்து சேரும். ஆனால் அன்றைய மேடை, கீதம், விளம்பர ஒப்பந்தம், அடுத்த பருவத்துப் போட்டி அழைப்புகளுக்கான பணம் எதுவும் பின்னால் வராது. மருந்துக் குற்றம் சுமத்தப்பட்டு ஒரு முழு ஆண்டை இழந்தவரிடமிருந்தே, மருந்தால் ஜெயித்தவர் இடம் பறித்தார் என்பதில் ஒரு கொடூரமான பொருத்தம் இருக்கிறது.

அந்த வெள்ளி வந்து சேருவதற்கு முன்பே சுசந்திகா இன்னும் ஓடியிருந்தார். 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் தங்கம், 11.15. 2007 ஒசாகா உலகப் போட்டியில் அலிசன் ஃபெலிக்ஸுக்கும் ஜமைக்காவின் வெரோனிகா காம்ப்பெலுக்கும் பின்னால் 22.63இல் வெண்கலம், முதல் உலகப் பதக்கத்துக்கும் இதற்கும் நடுவே பத்து ஆண்டுகள், அவருக்கு வயது 31. 2008 பெய்ஜிங்கில் இறுதிச் சுற்றை எட்டவில்லை. பிறகு மெல்ல ஓய்ந்தார். 2017இல், பண நெருக்கடியால் ஒலிம்பிக் பதக்கத்தை விற்கப் போவதாக அவர் அறிவித்தது கொழும்பில் பரபரப்பானது. நம்மூரில் அதுவும் ஓர் ஓரச் செய்திதான்.

சென்னைக்கும் இலங்கைத் தடகளத்துக்கும் உறவு முற்றாக அறுந்து கிடக்கவும் இல்லை. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் இங்கேதான் நடந்தன. பெரியமேட்டு நேரு விளையாட்டரங்கில் இலங்கைக் கொடியும் பறந்தது. பதினேழு ஆண்டு கழித்து, 2012 செப்டம்பரில், அதே நகரத்துக்கு நட்புக் கால்பந்தாட்டத்துக்கு வந்த இலங்கைப் பள்ளி மாணவர்களை அப்போதைய முதல்வர் ஜெயலலிதா திருப்பி அனுப்பினார். 2013 ஜூலையில் சென்னையில் நடக்கவிருந்த ஆசியத் தடகளப் போட்டியை, இலங்கை வீரர்கள் வரக்கூடாது என்பதால் நடத்த முடியாது என்று அந்தப் பிப்ரவரியில் அவர் அறிவித்தார். போட்டி புனேவுக்குப் போனது. விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரனின் இளைய மகன் பாலச்சந்திரனின் கடைசிப் படங்கள் வெளியான அதே வாரங்கள் அவை. மார்ச்சில் லயோலா கல்லூரி மாணவர்களின் உண்ணாவிரதம் தமிழகம் எங்கும் பரவியது. அந்தச் சூழலில் வேறு முடிவு எடுத்திருந்தால் எந்த அரசும் நிலைத்திருக்காது என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் பள்ளிப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியது சரி என்று என்னால் சொல்ல முடியாது. தடகளப் போட்டியை விட்டதில் நட்டப்பட்டவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. ஆசியாவின் முன்வரிசை ஓட்டக்காரர்களை உள்ளூரில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு ஒரு தலைமுறைக்கு ஒருமுறைதான் வரும். 2024 செப்டம்பரில் தெற்காசிய ஜூனியர் தடகளப் போட்டி நேரு அரங்கில் நடந்தபோது இலங்கை இளைஞர்கள் வந்து ஓடினார்கள். யாரும் கல்லெறியவில்லை.

ஓட்டத்தின் மொழியில் ஓர் ஒப்பீடு. பெண்கள் 100 மீட்டரில் இந்தியாவின் தேசியச் சாதனை துத்தி சந்தின் 11.17, 200 மீட்டரில் சரஸ்வதி சாகா 2002இல் ஓடிய 22.82. இலங்கைச் சாதனைகள் இரண்டும் இன்றும் சுசந்திகாவுடையவை: 11.04, 22.28. இரண்டரைக் கோடிகூட இல்லாத நாட்டின் ஒரே பெண், 140 கோடி மக்களின் நாட்டை இரண்டு ஓட்டத்திலும் முந்தி நிற்கிறார். பி.டி. உஷா 1984இல் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூற்றில் ஒரு நொடியில் வெண்கலம் இழந்ததை நாம் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், அவருடைய 55.42ஐ 2023இல் ஹாங்சோவில் தொட்ட கோவை வித்யா ராம்ராஜும் சுசந்திகா பெற்ற அளவு உலக மேடையை இன்னும் பெறவில்லை. திறமை குறைவு என்று நான் சொல்லவில்லை. கோவையிலிருந்தோ லால்குடியிலிருந்தோ ஓடுகிறவர் ஆண்டுக்கு எத்தனை முறை உலகத் தர ஆட்களோடு நேருக்கு நேர் நிற்கிறார் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

சுசந்திகாவுக்குப் பின்னும் இலங்கை அதே இரவல் களத்தையே நம்பியது. யுபுன் அபேகோன் இத்தாலியில் பயிற்சி பெற்று, 2022 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் லா ஷோ-த-ஃபோனில் 100 மீட்டரை 9.96இல் ஓடினார், பத்து நொடிக்குள் வந்த முதல் தெற்காசியர். அடுத்த மாதம் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் வெண்கலம். இதற்கு மாற்று வழி ஆப்பிரிக்காவில்தான் தெரிகிறது. போட்ஸ்வானாவின் மக்கள்தொகை சுமார் 25 லட்சம். சென்னை மாநகரின் பாதிகூட இல்லை. 2024 பாரிஸில் லெட்சிலே டெபோகோ 200 மீட்டரை 19.46இல் ஓடி, அந்த ஓட்டத்தில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஆப்பிரிக்கர் ஆனார். அவர் சொந்த நாட்டில், சொந்த நாட்டுப் பயிற்சியாளரோடு இருந்தே ஜெயித்தவர். அடுத்த ஆண்டு டோக்கியோ உலகப் போட்டியில் போட்ஸ்வானா ஆண்கள் 4x400 தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கியது. அதே போட்டியில் அந்நாட்டின் கோலன் கெபினாட்ஷிப்பி 400 மீட்டர் சாம்பியன். மொன்ட்ஷோ ஒற்றை ஆளாக டக்காருக்குப் போன காலத்திலிருந்து, நான்கு பேர் ஊரிலிருந்தே வந்து கோல் மாற்றும் காலத்துக்கு அந்த நாடு வந்துவிட்டது. ஊரில் இருந்தே ஓடினால் ஊரும் ஓட்டக்காரரைக் கூடவே வளர்க்கிறது. நிர்வாகம் அவரைப் பகைத்தால் அடுத்த தெருவில் கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. 1998இல் கொழும்பில் சுசந்திகாவுக்கு இல்லாமல் போனது அந்த அடுத்த தெருதான்.